சவரி சாரின் சிவப்புப் பட்டியல்

சவரி சார் இறந்துபோன செய்தி எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வந்து சேர்ந்தது. காலை ஒன்பதரை மணி. கம்பெனிக் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையில் போன் ஓயாமல் அதிர்ந்தது. நம் குழுவில் ஒருவர் பின் ஒருவராக மெழுகுவர்த்திப் படம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். யாருக்கு என்று தெரிந்துகொள்ள நாற்பது மெழுகுவர்த்திகளைத் தள்ளிக்கொண்டு மேலே போக வேண்டியிருந்தது. "நம் அன்புக்குரிய சவரிமுத்து சார் இன்று காலை மாரடைப்பால் காலமானார். அடக்கம் நாளை." படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த நாற்பதில் பாதிப் பேர் போன வருஷம் அவரைக் குருட்டு ஜட்ஜ் என்று எழுதியவர்கள். பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். ஒருத்தருக்கும் வெட்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து அட்மின்கள் இருவர் என்னைக் கூப்பிட்டார்கள். "கடைசி ஆறு மாசம் நீங்கதான் சாரோட இருந்தீங்க. அஞ்சலியை நீங்களே எழுதிக் குடுங்க" என்றார்கள். கூடவே ஒரு நல்ல செய்தியும் சொன்னார்கள். சாரின் மறைவை ஒட்டி, கெட்ட சரக்கு விற்றவர்கள் பெயர் ஏறும் சிவப்புப் பட்டியலை மொத்தமாக அழித்துவிடப் போகிறார்களாம். பழைய கசப்பையும் அவரோடு அடக்கம் செய்வோமாம். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை எடுக்கச் சொல்லி ஐந்து மாதம் உங்களோடு மல்லுக்கு நின்றவன் நான். இப்போது கேட்காமலே கிடைக்கிறது. சரி, எழுதுகிறேன். இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர் பாகங்களை நமக்குள் விற்று வாங்கும் குழு இது. பேரம் நடக்கும்போது எல்லோரும் 'ப்ரோ'. வீட்டுக்குப் போய் மாட்டிப் பார்த்து ஓடவில்லை என்றால் அதே ப்ரோ 'ஃப்ராடு'. பார்சலைப் பிரிப்பதை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை வெட்டாமல் வீடியோ எடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அப்படியும் சண்டை தீராது. விற்றவன், நான் அனுப்பும்போது நன்றாக இருந்தது என்பான். வாங்கியவன், வரும்போதே செத்துத்தான் வந்தது என்பான். இரண்டு பேர் அம்மாவும் சந்திக்கு வருவார்கள். அந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் எழுதுவார்: "மேஜைக்குப் போங்க."

மேஜை என்றால் பிரேசர் டவுனில் சவரி சார் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. சார் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் சரக்குச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போட்டோ பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் பாகத்தோடு நேரில் வர வேண்டும், எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். "கோவத்தைச் செருப்போட வெளியில விட்டுட்டு வாங்க. போறப்ப மறக்காம எடுத்துக்கலாம்" என்பார். குழுவில் நாம் வைத்துக்கொண்ட விளையாட்டுப் பெயர்களைத்தான் அங்கேயும் கூப்பிடுவார். நாற்பத்தாறு வயதில், தலை நரைத்த நான், அந்த வீட்டில் 'காத்தாடி'. மேஜையின் மேல் ஸ்டாண்டில் போனை மாட்டி, சோதனை முழுவதையும் பதிவு செய்து அப்படியே குழுவில் போட்டுவிடுவார். தீர்ப்பு வரும்வரை தண்ணீர் மட்டும்தான். முன்னாடியே காபி கொடுத்தால் ஒருத்தன் பக்கம் சாய்ந்ததாகப் பேச்சு வரும் என்று அவர் மனைவி ரீட்டா ஆன்ட்டி டிகாக்ஷனை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பார். தோற்றவன் காபிக்கு நின்றதை யாரும் பார்த்ததில்லை.

நானும் நிற்கவில்லை. என் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். நான் ஒரு மதர்போர்டை நதீமுக்கு விற்றேன். மாட்டினால் உயிரே இல்லை என்று நதீம் குழுவில் எழுதினார். நான் எழுதியதற்கு அவர் எழுத, மூன்றாம் நாள் இருவரும் மேஜையில் உட்கார்ந்தோம். சார் போர்டிலிருந்து ப்ராசஸரைத் தூக்கினார். அதற்குக் கீழே முடியைவிட மெல்லிய பின்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும், தொட்டாலே வளையும். அதற்காகவே ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. சார் மூடியை ஒரு கையிலும் பூதக்கண்ணாடியை மறு கையிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "ரெண்டு பின்னு வளைஞ்சிருக்கு" என்றார்.

"நான் அனுப்பும்போது நல்லா இருந்துச்சு சார்" என்றேன்.

"க்யா ஜி, அப்ப நான் வளைச்சேனா?" என்று நதீம் எழுந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் சும்னே மாத்தாடாதீங்க" என்று சார் பாதிக் கன்னடத்தில் எங்கள் வீண்பேச்சை அதட்டி நிறுத்தினார். "காத்தாடி, மூடியைச் சரியாப் போடாம அனுப்பிருக்கீங்க. வழியில அழுந்திருக்கு. போர்டைத் திருப்பி வாங்கிக்கங்க." அவ்வளவுதான் தீர்ப்பு. அன்று சாயங்காலமே சிவப்புப் பட்டியலில் என் பெயர் ஏறியது: 'காத்தாடி. வளைந்த பின்னோடு போர்டு விற்றவர்.'

ஒரு வரிதானே என்று தோன்றும். அந்த ஒரு வரி என்னை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும். என் ஆபீஸிலேயே ஒன்பது பேர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். நான் வேலை பார்ப்பது மென்பொருளில் தவறு கண்டுபிடிக்கும் பிரிவில். அடுத்தவன் தவறை எழுதி எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். கேன்டீனில் ஒருவன், "சார், உங்க டிபன் பாக்ஸ்ல பின்னு எதுவும் வளையலையே?" என்று கேட்டான். மேஜை முழுக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து சவரி சாரை நான் வெறுத்தேன். மறைத்துப் பேச ஒன்றுமில்லை, வெறுத்தேன். இரண்டு பொய்ப் பெயர்களில் சேர்ந்து அவரைத் திட்டி எழுதினேன். அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். 'தாத்தாவுக்குப் பொழுதுபோகலை' என்று எழுதியது நான்தான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மதியம், ஆபீஸ் மீட்டிங் அறையில் ஆள் இல்லாத நேரம், அந்தச் சோதனை வீடியோவைச் சுவரளவு திரையில் போட்டேன். ஏற்கெனவே முப்பது முறை பார்த்திருப்பேன், எல்லாம் போனில். இந்த முறை பெரிதாக்கி, நொடி நொடியாக நகர்த்தினேன். பன்னிரண்டாவது நிமிடம். சார் ப்ராசஸரைத் தூக்குகிறார், கீழே பின்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. பூதக்கண்ணாடியை எடுக்கத் திரும்புகிறார். இடது கையிலிருந்த மூடி நழுவிப் பின்களின் மேல் விழுகிறது. கண்ணால் பார்க்காமல் விரலால் தடவி எடுக்கிறார். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, ரெண்டு பின்னு வளைஞ்சிருக்கு என்கிறார். நான் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நதீம் வீட்டில் ஏன் ஓடவில்லை என்பதும் அன்றே தெரிந்தது. அவர் முதல் நாள் போட்ட போட்டோவில் ப்ராசஸர் பக்கத்து மின்சார வயரே மாட்டப்படவில்லை. மேஜையில் வளைந்த பின் கிடைத்துவிட்டது. அப்புறம் யாரும் வேறு எதையும் தேடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. லேப்டாப்போடு நேரே பிரேசர் டவுன் போனேன். செருப்பைக் கழற்றினேன். கோபத்தைக் கழற்றவில்லை. ரீட்டா ஆன்ட்டி கதவைத் திறந்து, "அவரு கண்ணுக்கு மருந்து போட்டுட்டுப் படுத்திருக்காரு, அப்புறம் வரீங்களா?" என்றார். முடியாது என்றேன். சார் உள்ளேயிருந்து, "யாரு, காத்தாடியா? வரச் சொல்லு" என்றபடி வந்து உட்கார்ந்தார். வீடியோவை ஓடவிட்டேன். மூக்கு திரையில் இடிக்கும் தூரத்தில் மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை மூடி விழும் இடத்தில் அவரே நிறுத்தினார்.

"நாந்தான்" என்றார்.

மறுப்பார், கத்துவார், நானும் கத்தலாம் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாம் வீணாகப் போனது. "அப்ப பேரை எடுங்க" என்றேன்.

"எடுக்க மாட்டேன்."

"என்னா சார் நியாயம் இது?"

"அழிச்சுட்டா, நீங்க கெஞ்சித் தப்பிச்சீங்களா, நான் தப்பு பண்ணி மறைச்சேனான்னு நாளைக்கு எவனுக்கும் தெரியாது. இருக்கட்டும். கீழ எழுதறேன்." வருத்தம் தெரிவிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. என் கண் முன்னாலேயே என் பெயருக்குக் கீழே எழுதினார்: 'இவர் விற்றது நல்ல போர்டு. பின்னை வளைத்தது நான். பன்னிரண்டாவது நிமிடம் பாருங்கள். – சவரிமுத்து.' பிறகு, "அந்த போர்டைக் கொண்டாங்க, நிமித்தித் தரேன்" என்றார். "நீங்க தொடவே வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மறந்துபோயிருக்கும். முதல் நாள், 'பெரியவரை மிரட்டி எழுத வைத்துவிட்டான்' என்று என்னைக் கிழித்தீர்கள். வீடியோவை நான் வெட்டி ஒட்டியதாக ஒருவர் படம் வரைந்தே விளக்கினார். இரண்டாம் நாள் வீடியோவை ஒழுங்காகப் பார்த்ததும் அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினீர்கள். மேஜையில் தோற்ற ஒவ்வொருவரும், அப்போ என் கேஸ்? என்று கிளம்பினீர்கள். குருட்டு ஜட்ஜ் என்ற பெயர் அந்த வாரம்தான் பிறந்தது. சார் எல்லாவற்றையும் ரீட்டா ஆன்ட்டியைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு பதில் போட்டார்: 'இனி மேஜை கிடையாது. பழைய தீர்ப்புகள் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கிறேன். கேட்டவர்களுடையது மட்டுமல்ல, எல்லாவற்றையும்.'

அன்று மாலை எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. கண் இரண்டிலும் பார்வை குறைந்துகொண்டே போகிறது என்றும், கூட உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார். "உங்களுக்குத்தான் குரூப் முழுக்க சிஷ்யப்புள்ளைங்க இருக்காங்களே, அவங்களைக் கூப்பிடுங்க" என்றேன் குத்தலாக.

"அவங்க வேணாம். அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது காத்தாடி. நம்மளைப் புடிச்சவனைப் பார்க்கச் சொன்னா சுத்தமா இருக்குன்னுவான். புடிக்காத கண்ணுதான் அழுக்கைப் பார்க்கும். உங்களைவிட என்னைப் புடிக்காதவன் எவன் இருக்கான் சொல்லுங்க?"

நான் போனது உதவி செய்ய அல்ல. இன்னும் பத்துத் தவறு கண்டுபிடித்து அந்த மனிதரை மூக்கறுக்க வேண்டும் என்ற ஆசையில் போனேன். ஆறு மாதம், சனிக்கிழமை தோறும், காலையிலிருந்து சாப்பாட்டு வேளை வரை. பழையதிலிருந்து புதியதுக்கு வரிசையாகப் பார்த்தோம். பார்சல் பிரிக்கும் வீடியோ முதலில், பிறகு மேஜை வீடியோ. அவர் ஒலியைக் கேட்பார், நான் திரையைப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவருடைய கணக்கிலேயே, அவர் பெயரிலேயே, பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அவர் சொல்வார், தட்டச்சு செய்வது நான். 'மறுபார்வை: காத்தாடி. தவறு இல்லை. – சவரிமுத்து.' அப்படித்தான் பெரும்பாலும் எழுத வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுபத்துச் சொச்சம் தீர்ப்பில் இரண்டே இரண்டு தவறுதான் கிடைத்தது, இரண்டையும் அவர் அன்றே எழுதச் சொன்னார்.

நடுவில் சண்டைக்கும் குறைவில்லை. ஒருமுறை ஒரு விற்பனையாளர் பொய் சொல்வதாக நான் அடித்துச் சொன்னேன். "பொய் இல்ல, அவனுக்குத் தெரியல. பொய் சொல்றவனை நான் அஞ்சு நிமிஷத்துல புடிச்சிடுவேன். நெஜம்னு நெனைச்சுத் தப்பாச் சொல்றவன்தான் எனக்குக் கஷ்டம்" என்றார். "உங்களை மாதிரியா?" என்று கேட்டேன். "ஆமா, என்னை மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவைப் போடச் சொன்னார். ரீட்டா ஆன்ட்டி எனக்கு அந்த ஆறு மாதமும் காபி கொடுத்தார், முதல் நாளிலிருந்தே. நான் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஆள் இல்லை என்று நினைத்திருக்கிறார்.

ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை, வரிசையில் வேலாயுதத்தின் வழக்கு வந்தது. வேலாயுதத்தை உங்களில் பலருக்குத் தெரியாது. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மிச்ச நேரத்தில் பி.ஜி. ஹாஸ்டல் பையன்களுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். நாலு வருஷத்துக்கு முன் அவர் ஒரு ரேம் விற்றார். விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. வாங்கியவர், ஓடவில்லை என்று புகார் செய்தார். மேஜையில் சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தகட்டின் ஓரத்தில் மணல் அளவு உதிரி ஒன்று இல்லை என்று கண்டுபிடித்தார். அது இல்லாமல் விற்றதாக வேலாயுதம் பட்டியலில் ஏறினார். "சத்தியமா ஓடிச்சு சார், எம் பசங்க மேல சத்தியம்" என்று அவர் சொன்னது வீடியோவில் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்தவர், "ஒங்கள மாதிரி ஆளுங்களாலதான் இந்த குரூப்பே நாறுது" என்று சொன்னதும் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்தவர் நான்.

பார்சல் பிரிக்கும் வீடியோவை நான்தான் எடுத்திருந்தேன். அதைத் திரையில் போட்டேன். பார்சலைப் பிரிக்கும்வரைதான் எல்லோரும் கவனமாகப் பார்ப்போம், ஒட்டு உடையாமல் இருக்கிறதா என்று. பிரித்த பிறகு யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்தேன். பழக்கதோஷம். நாலாவது நிமிடத்தில் நான் உள் உறையைப் பேப்பர் கட்டரால் கிழிக்கிறேன். பிளேடு ஒரு கணம் தகட்டின் ஓரத்தில் மாட்டி, பிறகு விடுபடுகிறது. மேஜை விரிப்பில் கறுப்பாக ஒரு பொடி விழுகிறது. நான் அதைத் தூசி என்று நினைத்து, பூ என்று ஊதிவிடுகிறேன்.

"என்ன, ஒண்ணும் பேச்சையே காணோம்?" என்று சார் கேட்டார்.

"பார்த்துட்டிருக்கேன்."

"ஏதாச்சும் இருக்கா?"

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். என் பெயர் இப்போதுதான் சுத்தமாகியிருக்கிறது. கேன்டீனில் சிரித்தவர்கள் இப்போதுதான் வாயை மூடியிருக்கிறார்கள். வேலாயுதம் குழுவை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது, மறுபார்வை வேண்டும் என்று கேட்கவும் இல்லை. "ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அவர் திரைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "சரி, நீங்க பார்த்தா சரி. எழுதுங்க" என்றார். வேலாயுதத்தின் பெயருக்குக் கீழே நான் எழுதினேன்: 'மறுபார்வை: காத்தாடி. தவறு இல்லை. – சவரிமுத்து.' அவர் தன் தவறை எழுதிய அதே இடத்தில், அவர் கையெழுத்துப் போட்டு, என் தவறை மறைத்தேன். அவருக்குச் சந்தேகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணியவில்லை. அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமை போனேன். ஒவ்வொரு முறையும் படியேறும்போது சொல்லிவிடுவது என்றுதான் ஏறுவேன். ஐந்தாவது சனிக்கிழமைக்கு முன்னால் மேம்பாலத்தில் செய்தி வந்துவிட்டது.

அடக்கத்துக்குப் போனேன். நீங்கள் மெழுகுவர்த்தி போட்ட நாற்பது பேரில் நேரில் வந்தவர்கள் ஐந்து பேர். நதீம் வந்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து கலையும்போது ரீட்டா ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களைப் பத்தித்தான் சொல்லிட்டே இருப்பாரு. காத்தாடி எனக்கு வேண்டாதவன், ஆனா அவன் பார்த்தா நான் நிம்மதியாத் தூங்கலாம்னுவாரு" என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்டோவில்தான் அழுதேன். துக்கமா அவமானமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அட்மின்கள் பட்டியலை அழிக்கப் போவதாகச் சொன்ன மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெப்பகோடிக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வேலாயுதத்தின் வீட்டைக் கண்டுபிடித்தேன். இரண்டாவது ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகிவிட்டது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடு, பொடி, ஊதியது, பார்த்துவிட்டு மறைத்தது.

"இப்ப எதுக்கு வந்துகீறீங்க?" என்றார்.

"மன்னிப்புக் கேக்க."

"அந்தப் பேரு வந்தப்புறம் எங்கிட்ட ஒரு ஸ்க்ரூகூட எவனும் வாங்கலை. ஹாஸ்டல் பசங்கோ போன்ல அந்த லிஸ்டைக் காட்டி, அண்ணா இது நீங்கதானான்னு கேட்டானுங்க. என் பையனும் பார்த்தான். அப்பா நீ ஏமாத்தினியான்னு கேட்டான் சார். அதுக்கு நான் என்னா சொல்லியிருப்பேன்?"

"இனிமே அந்த லிஸ்டே இருக்காது. அழிக்கப் போறாங்க" என்றேன். ஏதோ நான் பெற்றுத் தந்த வரம் போல அதைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அழிச்சா? அழிச்சா நான் ஏமாத்துனவன்தான்னு அப்படியே நின்னுடும். அன்னிக்கு ஊரு பூரா படிக்கிற எடத்துல எழுதிட்டு, இன்னிக்கு எவனும் இல்லாத நேரமாப் பார்த்து வந்து எங்காதுல ஓதுறீங்க. எங்க எழுதுனீங்களோ அங்கயே எழுதுங்க. எம் பையன் படிக்கணும். போங்க சார், எனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாவுது." கதவைப் பூட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் வேண்டியதில்லை.

ஆகவே அட்மின்களே, பட்டியலில் கை வைக்காதீர்கள். மரியாதை என்ற பெயரில் நீங்கள் அழிக்கப் போவது அவருடைய தீர்ப்புகளை அல்ல. 'வளைத்தது நான்' என்று அவர் தன் கையால் எழுதிய வரியையும், அதைப் படித்துவிட்டு அவரை நீங்கள் என்னவெல்லாம் எழுதினீர்கள் என்பதையும்தான். அவர் மேல் எனக்கிருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஐந்து மாதம் என்னைத் திருடனாக நடமாட விட்டவர் அவர். ஆனால் தன் தவறைப் பார்த்த நேரத்துக்கும் அதை எழுதிய நேரத்துக்கும் இடையே அவர் எடுத்துக்கொண்டது, வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்க்கும் நேரம் மட்டும்தான். நான் ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன், அதற்குள் ஒரு சாவு விழுந்துவிட்டது.

அவருடைய நேர்மை எனக்கு ஒட்டிக்கொண்டது என்று பெருமையடிக்க மாட்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கொடுத்த வேலை. வரிசையில் ஒன்றையும் விடாமல் பார்த்து, பார்த்ததைக் கீழே எழுதுவது. வேலாயுதத்தின் பெயருக்குக் கீழே இன்று அவர் பெயரில் நிற்கும் பொய் நான் தட்டச்சு செய்தது. அதையும் அழிக்க வேண்டாம். அதற்குக் கீழே இதைச் சேர்த்துவிடுங்கள், என் உண்மையான பெயரோடு:

'வேலாயுதம் விற்றது நல்ல ரேம். அதை வெட்டியவன் நான், வாங்கியவன். மேலே உள்ள வரி சவரி சார் எழுதியது அல்ல. அவருக்குக் கண் தெரியாத நேரத்தில் நான் எழுதியது. வேலாயுதத்தின் மகன் இதைப் படிக்க வேண்டும். – பாலசுப்பிரமணியன்.'